ஏழாம் கட்டத்துப் பூதம் நான்தான்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். இங்கு நான் நலம், என் மனைவி நலம், என்னுடைய இடது முழங்காலைத் தவிர மற்ற யாவும் நலம். அங்கு தாங்களும், தங்கள் உதவி ஆசிரியர்களும், பிழை திருத்துபவரும் (அப்படி ஒருவர் இருப்பாரேயானால்) நலமாக இருக்க விரும்புகிறேன். நான் தங்கள் பத்திரிகையின் வாசகன் அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினி விளையாட்டுகளுக்கென்று ஒரு பத்திரிகை வருகிறது என்பதே எனக்குச் சென்ற மாதம்தான் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் பொறுப்பாளராக இருந்து, அதன் சாவிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் மின்சாரத்தையும் கட்டிக் காத்து, ஓய்வு பெற்று, இப்போது மொட்டைமாடியில் ஒன்பது பூந்தொட்டிகளை மட்டும் நிர்வகித்து வரும் ஒருவன் தங்களுக்கு எழுத நேர்ந்ததற்குக் காரணம், தங்கள் சென்ற இதழின் நாற்பத்திரண்டாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் 'ஒற்றைச் செருப்பு' என்ற பழைய விளையாட்டைப் பற்றிப் பலரும் அறியாத பத்துச் செய்திகள் என்று வெளியிட்டிருக்கிறீர்கள். ஏழாவது செய்தியைத் தாங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்: "ஏழாம் கட்டத்தில் குடையும் சாவிக்கொத்துமாக வரும் வழுக்கைத் தலைப் பூதம் விளக்கை அணைத்துவிடும். இது எந்தக் கதையில் வரும் பூதம் என்று ரசிகர்களிடையே முப்பது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. எப்படியும் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தலையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கவும்."

ஐயா, அது எந்தக் கதையில் வரும் பூதமும் அல்ல. அது நான்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. என் மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் இடைவேளையில் தங்கள் இதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் விரித்து, அதிலிருந்த படத்தைக் காட்டி, "அப்பா, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். பார்த்தேன். இரண்டு காதுக்கும் மேலே மட்டும் கொஞ்சம் முடி. சட்டைக் காலரின் பின்பக்கத்தில் மாட்டிய குடை முதுகில் தொங்குகிறது. (கை இரண்டும் வேலைக்கு வேண்டும் என்பதால் குடையை அப்படி மாட்டிக்கொள்வது என் வழக்கம். வேறு எவரும் அப்படி மாட்டி நான் பார்த்ததில்லை.) இடுப்பில் சாவிக்கொத்து, அதன் பாரத்தால் ஒரு பக்கம் சாய்ந்த நடை. என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நீங்க எப்போ செத்தீங்க, பூதமாகறதுக்கு?" என்று கேட்டாள்.

விளையாட்டின் விவரத்தை மகள் சொன்னபோதுதான் விஷயத்தின் முழுக் கனமும் என் மேல் இறங்கியது. அதில் கதாநாயகன் ஒரு செருப்பு. ஜோடியைத் தொலைத்துவிட்ட ஒற்றைச் செருப்பு. அது மதிலுக்கு மதில், பலகைக்குப் பலகை தாவிக்கொண்டே பன்னிரண்டு கட்டங்களைத் தாண்டிப் போய்த் தன் ஜோடியைச் சேர வேண்டும். எதிரே வருகிற எதையும் அது தலையில் மிதித்துத்தான் ஒழிக்கும். தெருவில் ஒருவர் மற்றவருக்குச் செருப்பைத் தூக்கிக் காட்டினாலே ஊர் கூடிவிடுகிறது. என்னை முப்பத்தொரு ஆண்டுகளாக, முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில், பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைகளும் வேலை முடிந்து வந்த பெரியவர்களும் செருப்பால் தலையிலேயே மிதித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் ஒன்றும் தெரியாமல் எங்கேயோ குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைச் செய்தவர்கள் யார் என்பதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பொத்தான் கடை, முதல் மாடியில் பல் வைத்தியர், இரண்டாவது மாடியில் தட்டச்சுப் பயிற்சிக்கூடம், மூன்றாவது மாடியில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கு. நான்காவது மாடியில் மூன்று மேஜை, ஒரே ஒரு மின்விசிறி, மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெயர்களைப் பதிவேட்டில் எழுதியிருந்தேன் என்றாலும் மனத்தில் நான் வைத்திருந்த பெயர்கள் நெட்டையன், கண்ணாடிக்காரன், சித்திரக்காரி என்பவை. கணினியில் ஏதோ செய்கிறார்கள் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். விளையாட்டு செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் முதலாளியிடம் சொல்லியிருப்பேன், ஏனெனில் வாடகை ஒப்பந்தத்தில் அலுவலகம் என்றுதான் இருந்தது.

எங்கள் முதலாளி போட்ட விதி இரண்டே இரண்டு. மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். பொறுப்பாளர் கட்டடத்தில் இல்லாத நேரத்தில் மின்சாரம் இருக்கவே கூடாது. முன்பு யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போய் ஒரு மாடியே கருகிப்போனதிலிருந்து இந்த விதி. நான் அதை ஒரு நாளும் மீறியதில்லை. ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது படிக்கட்டின் கீழே நின்று "ஆறாச்சு!" என்று மூன்று தரம் குரல் கொடுப்பேன். பிறகு இறக்குவேன். ஒரு நாள் எனக்குக் கடுமையான ஜலதோஷம். குரல் கொடுத்தேன், ஆனால் அது பொத்தான் கடையைத் தாண்டவில்லை. சுவிட்சை இறக்கினேன். நான்காவது மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று பேர் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றால் எப்படி இருக்குமோ அப்படி. மேலே ஏறிப் போனேன். பதினொரு நாள் வேலையை டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். பாதியில் மின்சாரம் போனதில் ஏறியதும் போச்சு, ஏற்கெனவே இருந்ததும் போச்சு. சித்திரக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். நெட்டையன் சுவரைப் பார்த்தபடி, "பரவால்ல சார், நீங்க உங்க வேலையைத்தான செஞ்சீங்க" என்றான். திட்டியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். இதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனேன்.

இன்னும் இருபத்தெட்டு நாளில் அந்தச் சரக்கைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்பது பொத்தான் கடை அம்மாள் வாயிலாக எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடம் பூட்டியிருக்கும். முதலாளியைக் கேட்டால் முடியாது என்பார், கேட்கவே கேட்காவிட்டால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாதல்லவா? ஆகவே நான் யோசித்தேன். பொறுப்பாளர் கட்டடத்தில் இருந்தால் மின்சாரம் இருக்கலாம். விதி அதுதான். அந்தப் பொறுப்பாளர் நான்தான். அந்த மாதத்து நான்கு ஞாயிறுகளும் காலையிலேயே போய்க் கட்டடத்தைத் திறந்து, அவர்களை உள்ளே விட்டு, நான்காவது மாடி வராந்தாவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பத்திரிகையை விளம்பரம் உட்பட முழுவதும் படித்தேன். அவர்கள் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேறெங்கோ பெரிய இடத்துக்கு மாறிப் போனார்கள். அத்தோடு சரி.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர்தான் முதலாளியின் கார் டிரைவர். தங்கமான மனிதர். ஆனால் பேசிக்கொண்டே ஓட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வராது. தங்கையின் காதில் விழுந்தது அண்ணன் காதில் விழும், அண்ணன் காதில் விழுந்தது பின் சீட்டில் இருப்பவர் காதில் விழும். ஆகவே வீட்டில், "தண்ணீர்த் தொட்டி கழுவற வேலை நடக்குது, மேற்பார்வை பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான்கு ஞாயிறும் அதையேதான் சொன்னேன். வேறு பொய் யோசித்து வைக்காதது என் தவறு. ஐந்தாவது வாரம் என் மனைவி பொத்தான் வாங்கப் போன இடத்தில், அந்தத் தொட்டியை அரை மணி நேரத்தில் கழுவிவிடலாம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டச்சுப் பயிற்சிக்கூடத்துக்காரர் சீட்டாட்டப் பிரியர் என்பதும் ஊரறிந்த விஷயம். என் மனைவி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். மகளுக்கு அப்போது நான்கு வயது. மூன்றாவது ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் வேறு. நான் சீட்டாடவில்லை என்று சொன்னேன். "அப்ப எங்கதான் போனீங்க?" என்று கேட்டாள். தொட்டி என்றேன். அன்றிலிருந்து முப்பத்தொரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும், அது பால் பொங்கியதைப் பற்றியதாக இருந்தாலும் சரி, மாதக் கடைசி என்றாலும் சரி, கடைசியில் அந்த நாலு ஞாயிற்றில் வந்துதான் நிற்கும்.

மச்சான் ஓய்வு பெற்ற பிறகாவது சொல்லியிருக்கலாம் என்று தாங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் இருபது ஆண்டுப் பொய்யை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எப்படித் தொடங்கி, எந்த இடத்தில் முடிப்பது?

ஆசிரியர் அவர்களே, இப்போது அந்தச் சாப்பாட்டு மேஜைக்குத் திரும்புகிறேன். படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. "நாலு ஞாயித்துக்கிழமை இதுங்களுக்குக் காவல் இருந்தேனே, எனக்கா பூதம்னு பேரு!" என்றேன்.

"எந்த நாலு ஞாயித்துக்கிழமை?" என்றாள் என் மனைவி.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஜலதோஷம் முதற்கொண்டு. அவள் முழுவதும் கேட்டாள். முடித்ததும், "நல்லா இருக்கு. தொட்டியை விட இது நல்லா இருக்கு. முப்பது வருஷம் உக்காந்து யோசிச்சிருக்கீங்க" என்றாள்.

"அம்மா, அப்பா நெஜமாத்தான் சொல்றார்னு தோணுது" என்றாள் மகள்.

"அப்படியா? நல்லது செஞ்ச மனுஷனை யாராவது பூதமா வரைவாங்களா? செருப்பால மிதிக்க விடுவாங்களா? நீயே சொல்லு."

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கேள்வி என் மனைவியை விட என்னைத்தான் அதிகமாகக் குடைந்தது. நான்கு ஞாயிறு உட்கார்ந்ததை நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் நினைவில் நின்றதோ அந்த ஒரு ஆறு மணிதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் என்னைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருப்பது, விளக்கை அணைத்தவன் என்ற ஒன்றுதானா? அன்று பூந்தொட்டிகளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் என் மனைவி மகளுக்குத் தொலைபேசியில், "அந்த விளையாட்டு எங்க கிடைக்கும்? உங்கப்பா கதையை நான் நேர்லயே பாத்துடறேன்" என்று சொல்லியிருக்கிறாள். மகள் தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து, இந்தக் காலத்துக் கணினியில் அந்தக் காலத்து விளையாட்டை ஓட வைக்க ஏதோ செய்து, எங்கள் முன்னால் வைத்தாள். வீட்டுத் தலைவன் என்ற முறையில் நான்தான் முதலில் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில், பத்து அடி தூரத்தில், ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர்கள் சொல்கிறார்கள், அதற்கப்பால் அழகான ஒரு தோட்டம் வருகிறதாம். நான் பார்த்ததில்லை. நாற்பதாவது தடவை விழுந்தபோது என் மனைவி, "நகருங்க" என்றாள்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சட்டைத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் பொத்தான் துளை தைத்தவள் அவள். ஒரு நாளைக்கு எண்ணூறு துளை. காலும் கையும் கண்ணும் ஒரே கணத்தில் சேர வேண்டிய வேலை அது. முதல் நாளே இரண்டு கட்டங்களைத் தாண்டிவிட்டாள். மூன்றாம் நாள் செருப்பு மழையில் வழுக்கும் கட்டத்தில் இருந்தது. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க சின்ன வயசிலேயே இதுக்கு வந்திருக்கணும்" என்றாள். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்ப என்ன வயசாயிடுச்சு?" என்றாள். தங்கள் பத்திரிகை சொன்ன பதினொரு ரகசிய அறைகளில் ஒன்பதை அந்த வாரத்திலேயே கண்டுபிடித்தாள். நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் இருக்கும் அறை, கூரை ஓட்டை மூன்று முறை முட்டினால் திறக்கும் அறை, இடப்பக்கம் யாருமே போகாத திசையில் நடந்தால் வரும் அறை. மீதி இரண்டும் தனக்குத் தேவையில்லை என்றாள். அவள் விளையாடவில்லை, ஐயா. விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், ஏழாம் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மகள் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் படிக்கட்டும் வராந்தாவுமாக ஒரு பெரிய கட்டடம். எங்கோ ஒரு கடிகாரம் ஆறு அடித்தது. வலப்பக்கத்திலிருந்து நான் வந்தேன். சாய்ந்து சாய்ந்து, குடை முதுகில் ஆட, சாவி குலுங்க வந்து, சுவரில் இருந்த நெம்புகோலை இழுத்தேன். திரை இருண்டுவிட்டது. பூதத்தின் கண் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"மிதிம்மா! தலையில மிதிச்சா வெளிச்சம் வந்துரும்!" என்று கத்தினாள் மகள்.

என் மனைவியின் விரல் பட்டன் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

"அம்மா! சீக்கிரம்!"

"அதெப்படிடீ?" என்றாள் என் மனைவி. "உங்கப்பா தலையில, செருப்பாலயா? என்னதான் கோவம் இருந்தாலும்..."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக் கண் இரண்டும் செருப்பின் பக்கத்தில் வந்தன, ஒன்றும் செய்யாமல் கடந்து போயின, மறைந்தன. திரை முழுக்க இருட்டு. நாங்கள் மூவரும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கணினி கெட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மகள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று கையை நீட்டினாள். "இரு" என்றாள் என் மனைவி. சுவரின் அடியில் மஞ்சளாக, நூல் போல, ஒரு கோடு தெரிந்தது. மூடிய கதவுக்குக் கீழே வெளிச்சம் கசியுமே, அப்படி. செருப்பை அந்தப் பக்கம் நடத்தினாள். கதவு திறந்தது.

உள்ளே ஒரு வராந்தா. ஒரு ஸ்டூல். ஸ்டூலின் ஒரு கால் குட்டை, அதற்கடியில் மடித்த காகிதம் செருகியிருந்தது. சுவரில் ஆணி, ஆணியில் குடை. ஸ்டூலில் நான் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் மூன்று தலைகள் குனிந்திருந்தன, டக் டக்கென்று பட்டன் தட்டும் சத்தம். செருப்பு உள்ளே வந்ததும் ஸ்டூலில் இருந்தவர் பத்திரிகையை இறக்கினார். தலைக்கு மேலே எழுத்து ஒவ்வொன்றாக வந்தது: "முடியலையா? பரவால்ல. பொறுமையா செய்யுங்க. நான் இருக்கேன்." செருப்பின் உயிர் இரண்டிலிருந்து ஒன்பதாக ஏறியது.

"அப்பா," என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மனைவி எங்களைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் இன்னொன்றும் இருந்தது. ஒரு மாதக் காலண்டர். அதில் நான்கு தேதிகளுக்குச் சிவப்பு வட்டம். "அஞ்சு," என்றாள். "பன்னெண்டு. பத்தொம்பது. இருவத்தாறு." என் மனைவிக்கு அவள் கோபங்களின் தேதிகள் எல்லாம் மனப்பாடம், ஐயா. "பத்தொம்பதுதான் இவளுக்குக் காய்ச்சல்" என்றாள்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்திருந்த சத்தம் வெகு நேரம் கேட்டது. திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"உங்கண்ணன்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கண்ணனுக்கு ஓட்டவாய்தான். அதுக்கு நான் என்ன எங்கண்ணனா?"

இந்தக் கேள்விக்கு இதுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தங்கள் வாசகர்களில் எவருக்காவது தெரிந்தால் எழுதச் சொல்லவும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான்" என்றேன். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் அந்த வார்த்தையை முழுதாகச் சொன்னது அன்றுதான். "ஒரு ஞாயித்துக்கெழமையாவது எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம். இன்னும் ரெண்டு ஸ்டூல் போட்டா ஆகாதா? நானும் இவளும் ஒரு ஓரமா உக்காந்திருப்போம்" என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தக் கட்டடத்துக்குப் போனோம். இப்போது ஞாயிறும் திறந்திருக்கிறது. நான்காவது மாடியில் யாரோ கண்ணாடிச் சட்டம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டூல் இல்லை, ஆகவே படிக்கட்டில் உட்கார்ந்தோம். என் முழங்கால் சம்மதிக்கவில்லை என்றாலும் உட்கார்ந்தேன். இப்போதைய பொறுப்பாளர் மேலே ஏறி வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். "யாரையும் பாக்க வேணாம் தம்பி, சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடறோம்" என்றாள் என் மனைவி. அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். படியில் வெளியாட்கள் உட்காரக் கூடாது என்பது விதி என்றும், ஆனால் இப்போது தான் கீழே மோட்டார் போடப் போக வேண்டியிருப்பதால் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல பொறுப்பாளர். வேலை தெரிந்தவர். முக்கால் மணி நேரத்தில் நான் மகளுக்கு ஒவ்வொரு மாடியிலும் யார் இருந்தார்கள் என்று சொன்னேன், என் மனைவி இடையிடையே திருத்தினாள். இந்த ஞாயிறும் எங்கேயாவது போகலாம் என்றிருக்கிறோம்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது யாதெனில்: ஏழாவது செய்தியைத் திருத்தி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். அது பூதம் அல்ல, ஒரு கட்டடப் பொறுப்பாளர் என்றும், பிரயோஜனம் உள்ளவர் என்றும் இருக்க வேண்டும். ரகசிய அறைகள் பதினொன்று அல்ல, பன்னிரண்டு. பன்னிரண்டாவதைக் கண்டுபிடித்தவர் ஒரு சட்டைத் தொழிற்சாலையின் முன்னாள் பொத்தான் துளைத் தையற்காரர். தலையில் மிதிக்காமல் விட்டால்தான் அந்தக் கதவு தெரியும் என்பதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். வாசகர்கள் அனைவரும் இனிமேல் ஏழாம் கட்டத்தில் கையை மடியில் வைத்துக்கொள்ளும்படி தாங்களே ஒரு வேண்டுகோளும் விடுத்தால் மிகவும் நன்றியுள்ளவனாவேன். என் புகைப்படம் ஒன்று இணைத்துள்ளேன். குடை சரியாகத் தெரியாவிட்டால் வேறு எடுத்து அனுப்புகிறேன்.

தங்கள் பத்திரிகை நாளொரு பக்கமும் பொழுதொரு பதிப்புமாக வளரவும், தங்கள் பிழை திருத்துபவர் கண் நோயின்றி நெடுங்காலம் வாழவும், தங்கள் அலுவலகத்தில் எந்த மாலையும் மின்சாரம் சொல்லாமல் போகாதிருக்கவும் மனமார வாழ்த்தி,

இப்படிக்கு,
பூதம் எனத் தங்களால் குறிக்கப்பட்டவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன் சித்திரக்காரி தொலைபேசியில் கூப்பிட்டார். என் மகள் எங்கேயோ தேடிப் பிடித்து அவருக்கு விவரம் எழுதியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. (எங்கள் குடும்பத்தில் சொல்லாமல் செய்வது என்னோடு முடியவில்லை போலும்.) டிஸ்க் அழிந்த அன்று இரவு முழுக்க ஆத்திரத்தில் அவர் வரைந்த படம்தானாம் அந்தப் பூதம். அடுத்த ஞாயிறு நான் போய்க் கதவைத் திறந்துவிட்டபோது அதை அழித்துவிடத்தான் நினைத்தாராம். கண்ணாடிக்காரன், "அழிக்க வேணாம், பின்னாடி ஒரு ரூம் கட்டுவோம். மிதிக்காதவங்க பாத்துக்கட்டும்" என்று சொன்னாராம். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருவர்கூட மிதிக்காமல் விட்டதில்லையாம்.

விஷயம் கேட்ட என் மனைவி, இதைப் பத்திரிகையில் போட்டால் எல்லோரும் படித்துவிட்டுப் போய்த் திறப்பார்கள், அப்படித் திறப்பதில் என்ன இருக்கிறது, யாருக்கு மிதிக்க மனசு வரலையோ அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆகவே பூதம் பூதமாகவே இருக்கட்டும். பதினொரு அறை என்றே இருக்கட்டும். மிதிக்கிறவர்கள் மிதிக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. என் புகைப்படத்தை மட்டும் திருப்பி அனுப்பவும்.

அவர்கள் மூவரும் மறுபடி சேர்ந்து ஒரு புதிய விளையாட்டு செய்கிறார்களாம். வெளியிடுவதற்கு முன் எங்கெங்கே தவறு இருக்கிறது என்று விளையாடிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். என் மனைவியைக் கேட்டார்கள். அவள் யோசிப்பது போல மூன்று நொடி நடித்துவிட்டுச் சரி என்றாள். திங்கட்கிழமை முதல் காலை ஒன்பதரைக்குக் கிளம்புகிறாள். தங்கள் நிறுவனத்திலிருந்து சமையல் பத்திரிகை ஏதும் வருமானால் பழைய இதழ்கள் இரண்டு மூன்று அனுப்பிவைக்கவும். எடுத்த எடுப்பிலேயே வெங்காயம் நறுக்கச் சொல்லாததாகப் பார்த்து அனுப்பினால் நல்லது.